மூலக்கோப்பில் கை வையுங்கள்: நூல், ஆய்விதழ் பதிப்பித்தல் கேள்வி பதில்

நூல்களையும் அறிவியல் ஆய்விதழ்களையும் கணினியில் செப்பனிட்டு வெளியிடுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது எடிட்டிங், பக்க வடிவமைப்பு, கோப்பு வேலை. விற்பனை, விளம்பரம், உரிமைச் சிக்கல் பற்றிக் கேட்டவர்கள் அந்தந்தத் துறையினரிடம் கேட்பதுதான் நல்லது.

கேள்வி: வேர்டில் ஒரு அறிவியல் நூல் எழுதி முடித்துவிட்டேன். உட்தலைப்பின் அளவை மாற்ற நினைத்தால் ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. உள்ளடக்கத்தில் பக்க எண்களும் தப்புகின்றன. என்ன வழி?

பதில்: வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி வைத்திருப்பீர்கள். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ அது இன்னொரு பத்தி. வேர்டில் ‘ஸ்டைல்ஸ்’ என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. இயல் தலைப்புக்கு ‘ஹெடிங் 1’, உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’, மேற்கோள் பத்திக்கு ஒன்று, பட விளக்கத்துக்கு ஒன்று என்று கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரே இடத்தில் மாற்றினால் நூல் முழுக்க மாறும். உள்ளடக்கப் பக்கத்தை வேர்டே தொகுத்துத் தரும். நாளை மின்னூல் ஆக்கும்போது இயல் பட்டியல் தானாக வருவதும் இதனால்தான்.

புதுப் பக்கம் வரும்வரை என்டர் தட்டுவதையும், வரியைத் தள்ள ஸ்பேஸ் அடுக்குவதையும் இன்றோடு விடுங்கள். இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஒரு நூலுக்கு ஒரே மூலக்கோப்புதான் இருக்க வேண்டும். திருத்தம் எங்கே கண்ணில் பட்டாலும் அந்தக் கோப்பில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆய்விதழ்கள் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றினால் கட்டுரையில் பாதி உளறலாக வருகிறது. மாற்றி சரியில்லையா?

பதில்: பெரும்பாலும் மாற்றி சரியாகத்தான் இருக்கும், கொடுக்கும் விதம்தான் தவறு. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. கட்டுரைக்குள் உண்மையான ஆங்கிலமும் இருக்கிறதே, உயிரினங்களின் இலத்தீன் பெயர்கள், வேதியியல் குறியீடுகள், அலகுகள்? முழுக் கட்டுரையையும் நகலெடுத்து மாற்றியில் போட்டால் அவையும் பாமினி என்று எண்ணப்பட்டுத் தமிழாக மாறும். நீங்கள் பார்க்கும் உளறல் அதுதான்.

எனவே எழுத்துருவை வைத்துப் பிரியுங்கள். வேர்டின் தேடலில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேட முடியும். பாமினியில் உள்ள துண்டுகளை மட்டும் மாற்றுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகு அட்டவணைகளையும் சமன்பாடுகளையும் பழைய அச்சுப்படியோடு வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பத்தியில் பிழை இருந்தால் வாசகர் ஊகித்துக்கொள்வார். அட்டவணையில் ஒரு இலக்கம் தவறினால் யாருக்கும் தெரியாது.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. பலர் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்து வைத்திருப்பார்கள். பார்க்க ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் ‘ஔடதம்’ என்று தேடினால் அந்தக் கட்டுரை அகப்படாது. ‘கௌ’, ‘சௌ’ வரிசையிலும் இதே கோளாறு உண்டு. கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் அடித்தவையும் கிடைக்கும். இவற்றைத் தேடித் திருத்தாமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: அட்டைப்படத்துக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?

பதில்: ஓவியரிடம் கேளுங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பு நூலில் ‘செல்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் ‘உயிரணு’ என்று மாற்ற வேண்டும். ‘அனைத்தையும் மாற்று’ கொடுத்தால் போதும்தானே?

பதில்: கூடவே கூடாது. ‘37 டிகிரி செல்சியஸ்’ என்பது ‘37 டிகிரி உயிரணுசியஸ்’ ஆகிவிடும். ‘செல்வம்’ ‘உயிரணுவம்’ ஆகும். ‘செல்கள்’ என்பது ‘உயிரணுகள்’ என்று வந்து நிற்கும், அங்கே ‘உயிரணுக்கள்’ வேண்டும். ‘செல்லின்’ என்பதோ ‘உயிரணுலின்’. தமிழில் வேற்றுமை உருபும் சந்தியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஒரு சொல்லை மாற்றினால் அதன் வால் முழுவதையும் சரிபார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து ‘மாற்று’ கொடுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. தொடங்குமுன் கோப்பின் நகலை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். இன்னும் நல்லது, எழுதத் தொடங்கும்போதே கலைச்சொல் பட்டியல் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதையே பின்பற்றுவது.

கேள்வி: பிடிஎஃப்-இல் நேரடியாகத் திருத்தம் செய்ய நல்ல மென்பொருள் எது?

பதில்: வேண்டாம். மூலக்கோப்பில் திருத்தி, புதிதாகப் பிடிஎஃப் எடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் அதே பிழை திரும்ப வரும்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரு அறிவியல் இதழ் நடத்துகிறேன். பிடிஎஃப் மட்டும் போட்டால் போதாது, எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) வேண்டும், எக்ஸ்எம்எல் (ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளம் இட்ட கோப்பு வடிவம்) வேண்டும் என்கிறார்கள். பிடிஎஃப் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரிகிறது, பக்க எண் மாறுவதில்லை, மேற்கோள் காட்ட வசதி. இருவர் மட்டும் நடத்தும் இதழுக்கு இந்தச் சுமை எதற்கு ஐயா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று நன்மைகளும் உண்மை. நீண்டகாலச் சேமிப்புக்கென்றே பிடிஎஃப்/ஏ என்ற வடிவம் 2005 முதல் பன்னாட்டுத் தரமாக இருக்கிறது. பிடிஎஃப்-ஐ விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அது மட்டும் போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

உங்கள் இதழின் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, ‘கொள்கை’ என்ற சொல்லை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். கொம்பு முன்னால் போய், ககரம் பின்னால் வந்து, கால் தனியாக நிற்க வாய்ப்பு அதிகம். பிடிஎஃப் அடிப்படையில் எந்த வடிவத்தைப் பக்கத்தில் எங்கே வைப்பது என்பதைப் பதிவு செய்கிறது. சொல்லாகவும் பத்தியாகவும் படிக்கத் தேவையான விவரத்தைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. தமிழில் கொம்பு இடப்பக்கம் நிற்பதால் சிதைவு கூடுதல். அப்படிச் சிதைந்த கட்டுரையைத் தேடுபொறியும் கண்டுபிடிக்காது.

இதைப் படித்த ஒரு வாசகி எழுதியது: எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் வழியாகத்தான் படிக்கிறேன். இரண்டு பத்தி அமைப்பில் உள்ள பிடிஎஃப்-ஐ அது பல நேரம் இடப்பத்தியின் ஒரு வரி, வலப்பத்தியின் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் படிக்கிறது. அட்டவணை வந்தால் வெறும் எண்களின் வரிசை. பக்க எண் மாறாமல் இருப்பதால் எனக்கு என்ன பயன்?

இதழ் நடத்துபவர் மீண்டும்: அம்மா சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் பக்க எண் இல்லாமல் ஆய்வாளர் எப்படி மேற்கோள் காட்டுவார்? எக்ஸ்எம்எல் எழுத ஆளுக்கு எங்கே போவது?

பதில்: முதலில் பக்க எண். இணைய இதழ்கள் பல, கட்டுரைக்கு ஒரு எண் கொடுத்து அதையே மேற்கோளுக்குப் பயன்படுத்துகின்றன. வேண்டுமானால் பத்திகளுக்கும் எண் போடலாம். ஈபப் மின்னூலிலோ அச்சு நூலின் பக்க எண்களை உள்ளேயே பதித்து வைக்க முடியும். வாசகர் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ‘அச்சில் 84ஆம் பக்கம்’ எங்கே என்று போய் நிற்கலாம்.

அடுத்து ஆள். எக்ஸ்எம்எல்லை யாரும் கையால் எழுத வேண்டியதில்லை. கட்டுரை வேர்டில் ஒழுங்கான ஸ்டைல்களோடு இருந்தால், பான்டாக் என்ற இலவச மென்பொருள் அதே கோப்பிலிருந்து எச்டிஎம்எல், ஈபப், ஜாட்ஸ் எக்ஸ்எம்எல் மூன்றையும் எடுத்துத் தரும். ஜாட்ஸ் என்பது ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கென்றே வகுத்த வடிவம். தலைப்பு எது, ஆசிரியர் யார், எந்த மேற்கோள் எந்தக் கட்டுரையைச் சுட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இருக்கும். வரும் கோப்பைச் சரிபார்க்கும் வேலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். முதல் இதழில் திணறுவீர்கள், அப்புறம் வார்ப்புரு அமைந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும், பிடிஎஃப்-ஐயே பெரும்பாலோர் படித்துவந்த ஆர்க்சைவ் தளமும் 2023 டிசம்பரிலிருந்து, லேடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் எழுதிய கட்டுரைகளை எச்டிஎம்எல் வடிவிலும் தரத் தொடங்கியது. பார்வையற்ற ஆய்வாளர்களின் தேவை அதற்கு முக்கியக் காரணம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், அடுத்த இதழிலிருந்து பிடிஎஃப்-உடன் எச்டிஎம்எல் பக்கம் ஒன்றையும் போடுங்கள். படங்களுக்கு இரண்டு வரி மாற்று விளக்கம் எழுதுங்கள். அந்த அம்மாவைப் போன்றவர்கள் நாளையே படிக்கலாம்.

கேள்வி: பாமினியை யூனிகோடாக மாற்ற எந்த மாற்றி நல்லது?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: பழைய ஆய்விதழ்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) கொடுத்து அப்படியே ஏற்றலாமா?

பதில்: படத்தை ஏற்றலாம். ஓசிஆர் உரையை மனிதக் கண் பார்க்காமல் ஏற்றக்கூடாது. ‘வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பி’ என்று ஒரு கருவிமுறை உலகத்தில் இல்லை. 1950களில் வந்த ஒரு கட்டுரையை எண்ணிமப்படுத்தியபோது இடப்பத்தியில் இருந்த ‘வெஜிடேட்டிவ்’ என்ற சொல் வலப்பத்தியின் ‘எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பி’யோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அதே தொடர் புதிய ஆய்வுக் கட்டுரைகளிலும் தலைகாட்டியது. பாரசீகத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது நேர்ந்த பிழையும் அதைப் பரப்பியது என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அதைக் கற்றுக்கொண்டு எழுதுகின்றன. பத்திப் பிரிப்பை ஓசிஆர் மென்பொருளுக்கு நீங்களே வரைந்து காட்டுங்கள். தமிழில் கால், ரகரம், தமிழ் எண்ணான ‘௧’, ககரம் ஆகியவற்றில் கவனம் வையுங்கள்.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. என் ஆய்வுக் கட்டுரையின் மெய்ப்பை ஏஐ கருவி பார்த்தால் போதுமா?

பதில்: எழுத்துப்பிழையும் விடுபட்ட சொல்லும் அது பிடிக்கும், பயன்படுத்துங்கள் அம்மா. ஆனால் துணைநூற்பட்டியலை அதனிடம் விடாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு நம்பும்படியான ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் போட்டுத் தந்துவிடும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் டிஓஐ எண்ணை (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்) உலாவியில் போட்டுப் பாருங்கள், கட்டுரை திறக்கிறதா, நீங்கள் சொல்லும் கருத்து அதில் இருக்கிறதா என்று. கருவியை ஆசிரியராகவும் போடக்கூடாது. கோப் என்ற பதிப்பு அறநெறிக் குழு 2023இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஏனென்றால் கட்டுரைக்கு அது பொறுப்பேற்க முடியாது. திருத்தங்களை ‘மாற்றங்களைத் தடமறி’ வசதியில் வைத்து ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். ‘ஏற்படுத்தக்கூடும்’ என்று நீங்கள் எச்சரிக்கையாக எழுதியதை அது ‘ஏற்படுத்துகிறது’ என்று மாற்றினால் உங்கள் முடிவே மாறிவிடுகிறது.

கேள்வி: அட்டவணைத் தரவை எக்செலில் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், திறக்கும்போது கவனம். மார்ச் 1, செப்ட் 2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது. நெடுவரிசையை முதலில் ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்துவிட்டுத் தரவை உள்ளே கொண்டுவாருங்கள்.

கேள்வி: படங்கள் அச்சில் மங்கலாக வருகின்றன.

பதில்: ஒளிப்படத்துக்கு அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி 300 என்று எழுதினால் தெளிவு வராது. வரைபடங்களை எஸ்விஜி போன்ற, பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவில் வாங்குங்கள். ஆய்வுப் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் படம் முழுக்க ஒரே அளவில் கூட்டுங்கள், ஒரு பகுதியை மட்டும் அழிக்கவோ ஒட்டவோ கூடாது. நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் குழுவினர் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 3.8 விழுக்காட்டில் ஒரே படத்தைத் தவறாகத் திரும்பப் பயன்படுத்திய சிக்கல் இருந்தது. மூலப் படங்களையும் ஆசிரியரிடமிருந்து வாங்கி வைப்பது இதழின் கடமை.

கேள்வி: அச்சு நூலின் ஐஎஸ்பிஎன்னையே (நூலுக்குரிய பன்னாட்டு அடையாள எண்) மின்னூலுக்கும் போடலாமா?

பதில்: கூடாது. வடிவத்துக்கு ஒன்று.

கேள்வி: பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்றித் திருத்தலாமா?

பதில்: மறுபடியும் இதே கேள்வி. மூலக்கோப்பைத் தேடி எடுங்கள். தொலைந்தே போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள், அதையும் அச்சுப்படியோடு வரிவரியாக ஒப்பிட்டு, இனி அதுவே மூலக்கோப்பு என்று வையுங்கள்.

கேள்வி: வெளியான கட்டுரையில் ஒரு அலகு தவறு, மில்லிகிராம் என்பது கிராம் என்று வந்துவிட்டது. சத்தமில்லாமல் கோப்பை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பழைய கோப்பை ஏற்கெனவே பதிவிறக்கியவர் கையில் கிராம்தான் இருக்கிறது, அவருக்கு யார் சொல்வது? திருத்தக் குறிப்பு ஒன்றைத் தனி டிஓஐ எண்ணோடு வெளியிடுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, இருந்தது என்ன, இருக்க வேண்டியது என்ன என்று எழுதுங்கள். கட்டுரையின் பக்கத்திலிருந்து குறிப்புக்கும், குறிப்பிலிருந்து கட்டுரைக்கும் இணைப்பு கொடுங்கள். திருத்திய வடிவத்தை ஏற்றினால் மேலே தேதியோடு ‘திருத்திய வடிவம்’ என்று போட்டு, பழையதையும் பார்க்கும்படி வையுங்கள். மருந்தளவு சம்பந்தப்பட்ட கட்டுரை என்றால் இதை இன்றே செய்யுங்கள், அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டாம்.