பதவி உயர்வுக்கு முன் புதிய ஆடைகள் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். குழுத் தலைவர் பொறுப்புக்கான தேர்வு இன்னும் நான்கு மாதங்களில் நடக்கவுள்ளது. அண்மையில் என் மேலாளர், “வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தோற்றத்தில்தான் சற்றுக் கவனம் வேண்டும்” என்றார். எங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஆடை விதி எதுவும் கிடையாது. ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் ஆடைகளுக்கு ஒதுக்கினால் பலன் இருக்குமா?

பதில்: பலன் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு மாதச் சம்பளம் தேவைப்படாது. ஆடை தானாக யாருக்கும் பதவி உயர்வைப் பெற்றுத் தந்துவிடாது. தகுதியுள்ள ஒருவரை அடுத்த பொறுப்பில் வைத்து எண்ணிப் பார்க்க மேலிடத்தாருக்கு இருக்கும் தயக்கத்தை அது குறைக்கும், அவ்வளவுதான். வேலையில் குறையில்லை என்று மேலாளரே சொல்லிவிட்ட நிலையில், அந்தத் தயக்கத்தைப் போக்க முயல்வது நியாயமான முடிவே.

“திறமையைப் பார்ப்பவர்கள் உடையைப் பார்ப்பார்களா” என்று கேட்பவர்கள் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே முகத்தைச் சற்று வசதியானவர் உடையோடும் சற்று எளிய உடையோடும் காட்டியபோது, வசதியான உடையில் இருந்தவரே திறமை மிக்கவராக மதிப்பிடப்பட்டார். படத்தை ஒரு வினாடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நேரமே காட்டியபோதும், உடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தபோதும் முடிவு மாறவில்லை. இது நியாயமற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உங்களை மதிப்பிடப் போகிறவர்களிடமும் இந்தச் சாய்வு இருக்கும் என்று கொண்டே நீங்கள் திட்டமிட வேண்டும். மாறாக, நல்ல உடை அணிந்தால் நம் மூளையே கூர்மையாகும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். வெள்ளை ஆய்வக அங்கி அணிந்தவர்களின் கவனம் கூடியதாகச் சொன்ன 2012-ஆம் ஆண்டு ஆய்வின் முதல் சோதனையை 2019-இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை.

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரங்கள் வெறுமனே கவனியுங்கள். நீங்கள் விரும்பும் பொறுப்பில் இப்போது இருப்பவர்கள் சாதாரண நாளில் என்ன அணிகிறார்கள், வாடிக்கையாளரையோ இயக்குநரையோ சந்திக்கும் நாளில் எதை மாற்றிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் எழுதப்படாத விதி இருக்கிறது. உங்கள் இலக்கு அவர்களுடைய சாதாரண நாள் உடையாக இருக்கட்டும். நிறுவனத் தலைவரைப் போல உடுத்தத் தொடங்கினால் சக ஊழியர்களின் கேலிக்கு ஆளாவீர்கள். நாளை நீங்கள் வழிநடத்தப் போவதும் அவர்களைத்தான்.

செலவில் பெரும்பகுதி துணியின் விலைக்கோ அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயருக்கோ போகாமல், உடை உடலில் சரியாகப் பொருந்துவதற்குப் போக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முகம் மறைக்கப்பட்ட ஒரே ஆணின் படங்களை மூன்று வினாடிகள் மட்டும் காட்டினார்கள். ஒன்றில் அவர் அளவெடுத்துத் தைத்த கோட்டும் மற்றொன்றில் அதையொத்த ஆயத்தக் கோட்டும் அணிந்திருந்தார். அளவெடுத்துத் தைத்ததில் இருந்தவரையே தன்னம்பிக்கை உள்ளவர், வெற்றி பெற்றவர், கூடுதலாகச் சம்பாதிப்பவர் என்று பார்த்தவர்கள் கருதினார்கள். அதற்காக எல்லாவற்றையும் தைத்து வாங்க வேண்டும் என்பதில்லை. ஆயத்த ஆடை வாங்கும்போது தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனெனில் அதைப் பின்னர் திருத்துவது கடினம், செலவும் அதிகம். இடுப்பு, கைநீளம், கால்நீளம் ஆகியவற்றைத் தையற்காரர் எளிதில் சரிசெய்து தருவார். முழுக்கைச் சட்டையின் நுனி மணிக்கட்டில் முடிய வேண்டும். உட்காரும்போது பித்தான்களுக்கு இடையே துணி விரியக் கூடாது. உங்களிடம் ஏற்கெனவே உள்ள உடைகளில் சிலவற்றை இவ்வாறு திருத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

புதிதாக வாங்குவதாயின், ஒன்றோடொன்று மாற்றி அணியத்தக்க அடர்நீலம், சாம்பல், வெள்ளை போன்ற நிறங்களில் நான்கைந்து உடைகளும் ஒரு நல்ல காலணியும் போதும். இஸ்திரி போடாத விலையுயர்ந்த சட்டையை விட இஸ்திரி போட்ட மலிவான சட்டை மேல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலணியின் தேய்ந்த குதியும் சட்டையின் வெளுத்த கழுத்துப்பட்டையும் அணிபவர் கண்ணில் படாவிட்டாலும் மற்றவர் கண்ணில் பட்டுவிடும். காணொலிக் கூட்டங்களில் நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் திரையில் அலையலையாக நடுங்கித் தெரியும் என்பதால் அங்கே ஒற்றை நிறமே பாதுகாப்பானது.

மாற்றத்தைத் தேர்வு நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். தேர்வு நாளன்று மட்டும் புதுக் கோலத்தில் வந்தால், அது அந்த நாளுக்கான வேடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். நான்கு மாதங்கள் படிப்படியாக மாறினால், உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் உங்களின் பழைய தோற்றத்தை மறந்திருப்பார்கள். தேர்வுக்கு அணியப் போகும் உடையை அதற்கு முன்பே சில வேலைநாட்கள் அணிந்து பழகிவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக மேலாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “தோற்றம் என்று குறிப்பிட்டீர்களே, குறிப்பாக எதை மாற்றிக்கொண்டால் நன்றாக இருக்கும்?” பல மேலாளர்கள் கூட்டத்தில் வாய்திறக்காமல் இருப்பதையும் தாழ்ந்த குரலில் பேசுவதையும்கூட இந்தச் சொல்லுக்குள் அடக்கிவிடுவார்கள், அப்படியானால் உங்கள் நேரம் துணிக்கடையில் வீணாகும். அவர் சுட்டுவது உங்கள் உடல்வாகையோ சமய அடையாளத்தையோ என்று தெரிந்தால், உடையை மாற்ற முனையாமல், அதற்கான விதி என்ன என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.