வாசகர் கேள்வி: டிராஃபல்கர் கப்பல்கள் உருவான சிற்றூர்

கேள்வி: 1805-ஆம் ஆண்டு டிராஃபல்கர் கடற்போரில் பங்கேற்ற ஆங்கிலேயக் கப்பல்கள் சில, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் கட்டப்பட்டவை என்று அறிந்தேன். அது எந்த ஊர்? பெரிய துறைமுகங்கள் இருக்க, அங்கே ஏன் கட்டினார்கள்?

பதில்: அவ்வூர் தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், பியூலி ஆற்றங்கரையில் உள்ள பக்லர்ஸ் ஹார்ட். எதிரெதிரே இரண்டு வரிசைச் செங்கல் வீடுகளும், நடுவே ஆறுவரை சரிந்திறங்கும் அகன்ற தெருவுமே ஊரின் பெரும்பகுதி.

அதைத் திட்டமிட்ட மான்டேகு கோமகனின் எண்ணத்தில் இருந்தது கப்பல் அன்று, சர்க்கரை. செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் ஆகிய கரீபியத் தீவுகளை 1722-இல் மன்னரிடம் பெற்ற அவர், அங்கிருந்து வரும் சர்க்கரைக்கு இங்கே ஒரு துறைமுகம் அமைக்க விரும்பினார். தீவுகளில் அவரது குடியேற்றத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் நிலைகொள்ள விடாததால் அத்திட்டம் வீழ்ந்தது. அக்காலக் கரீபியச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதால், அந்த வீழ்ச்சிக்காக நாம் வருந்த வேண்டியதில்லை.

கைவிடப்பட்ட அந்த இடத்துக்குக் கப்பல் தொழில் வந்து சேர்ந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. போர்க்காலங்களில் அரசின் கப்பல்தளங்களால் மட்டும் தேவையை ஈடுகட்ட முடியாமல், கடற்படை தனியாருக்கும் ஒப்பந்தம் அளித்தது. இங்கோ காற்றும் அலையும் தாக்காத ஆறு, அருகிலேயே நியூ ஃபாரஸ்ட் காட்டின் ஓக் மரங்கள், அகன்ற தெருவில் மரங்களை அடுக்கத் தாராளமான இடம் என எல்லாம் அமைந்திருந்தன. வெள்ளோட்டம் விட்ட கப்பலை போர்ட்ஸ்மவுத்துக்கு இழுத்துச் சென்று பாய்மரங்களையும் பீரங்கிகளையும் பொருத்தினர்.

தலைமைக் கப்பல் தச்சர் ஹென்றி ஆடம்ஸின் காலமே ஊரின் பொற்காலம். 1781-இல் இங்கிருந்து இறங்கிய, 64 பீரங்கிகள் கொண்ட ‘அகமெம்னான்’, டிராஃபல்கரின் ஆங்கிலேயத் தளபதி நெல்சன் பின்னாளில் தலைமையேற்று மிகவும் நேசித்த கப்பல். அதனுடன் ‘யூரியாலஸ்’ (1803), ‘ஸ்விஃப்ட்ஷூர்’ (1804) ஆகியவையும் டிராஃபல்கரில் நின்றன. நெல்சன் வீழ்ந்தபின் தலைமையேற்ற காலிங்வுட், தளபதி இருக்கும் கப்பலைக் காட்டும் தம் கொடியை மாற்றிக்கொண்டது ‘யூரியாலஸு’க்குத்தான். ஆடம்ஸ் மறைந்ததும் அதே 1805-இல்தான்.

நெப்போலியன் போர்கள் முடிந்த 1815-க்குப் பின் நிலவிய அமைதியில் போர்க்கப்பல்களுக்கான தேவை சுருங்கியது. பிறகு இரும்புக் கப்பல்கள் வந்தன. 1963-இல் இவ்வூரில் கடல்சார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தளபதிகளின் பெயர்களை வரலாறு எப்படியும் காத்துவிடும். மரம் அறுத்த தொழிலாளியின் குடும்பம் வாழ்ந்த விதத்தை அறிய, இங்கே பழைய முறையில் மீட்டமைத்துள்ள குடியிருப்புகளையே முதலில் பார்க்கும்படி பரிந்துரைக்கிறோம்.