பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸை நம்பி வீடு மாற்றி நொந்துபோன அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து கோவை வடவள்ளிக்கு, 2023 ஆனி மாதக் கடைசியில்.

ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் ஒற்றைக் காலில் நின்றார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வீடு மாறுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே கணக்கு. ஆனி கடைசி வாரத்தில் லாரிக்கு வருகிற கிராக்கி தீபாவளி பஸ்ஸுக்குக்கூட வராது. அது எனக்கு அப்போது தெரியாது.

கணவர் முன்பே கோவையில் வேலையில் சேர்ந்துவிட்டார். சாமான் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு, கூடவே ஐந்து வயது வால் ஒன்று. ஒரு இணையதளத்தில் எங்கிருந்து எங்கே என்று போட்டு என் நம்பரைக் கொடுத்தேன். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் எட்டு அழைப்பு. 32,000, 30,000, 28,000 என்று இறங்கி ஏழாவது ஆள் 26,500-இல் நின்றார். எட்டாவது ஆள் 17,500. "மேடம், டென்ஷனே ஆகாதீங்க. ஹேண்ட்பேகை மட்டும் எடுத்துட்டு ரயில் ஏறுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்." நிறுவனத்தின் பெயரும் ஏற்கெனவே கேட்ட பெயராக இருந்தது. ஊரறிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரோடு இன்னொரு சொல்லை ஒட்டவைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ராமமூர்த்தி நகரிலிருந்து வடவள்ளிக்குச் சுமார் 360 கிலோமீட்டர். ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று வழிநெடுக டோல்கேட். டீசல் விலை எட்டுப் பேருக்கும் ஒன்றுதான். ஏழு பேருக்குக் கட்டாத ரேட் எட்டாவது ஆளுக்கு மட்டும் எப்படிக் கட்டும்? குறைத்ததை வேறு இடத்தில் வாங்கினால்தான் கட்டும்.

சனிக்கிழமை காலை நான்கு பையன்கள் வந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. பீரோவைக் கயிறு போட்டு முதுகில் கட்டி ஒரே ஆள் இறக்கியதைப் பார்த்து என் பையன் கைதட்டினான். பிரச்சினை, கட்டுவதற்கு அவர்களிடம் கொடுத்தனுப்பிய பொருட்களில். மதியத்துக்குள் பபுள் ராப் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தட்டு, டம்ளர் எல்லாம் பழைய செய்தித்தாளிலும் என் பழைய நைட்டிகளிலும் போயின. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷின் எங்களுடையது. அதைத் தூக்கிப் போகும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் நான்கு நீள போல்ட் மாட்டுவார்கள். வாங்கியபோது கழற்றிக் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். சூப்பர்வைசர் கையில்கூட வாங்கவில்லை. "அதெல்லாம் தேவையில்ல மேடம்."

அட்டைப்பெட்டிகளுக்கு மார்க்கரில் 1 முதல் 31 வரை நம்பர் போட்டார்கள். கடைசியில் சூப்பர்வைசர் ஒரு தாள் நீட்டினார். 'வீட்டு உபயோகப் பொருட்கள், 31 பெட்டி, பர்னிச்சர்' என்று ஒற்றை வரி. எந்தப் பெட்டியில் என்ன, பீரோக் கண்ணாடி நன்றாக இருக்கிறதா, ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் 10,000. சாமான் மதிப்பு ஒரு லட்சம் என்று போட்டு அதில் 3 சதவீதம், 3,000 ரூபாய் இன்சூரன்ஸ். பாலிசி எங்கே என்றேன். பில்லிலேயே இருக்கிறது என்றார். கீழே எழுத்தே தெரியாத மாதிரி ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கையெழுத்துப் போட்டேன். அந்த ஸ்டாம்பைக் கோவையில் உட்கார்ந்து நிதானமாக வாசித்தபோதுதான் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று தெரிந்தது. உடைந்தால் உங்கள் பாடு என்று எழுதிவைத்துவிட்டு, அதே தாளில் இன்சூரன்ஸ் பணமும் வாங்கியிருக்கிறார்கள்!

ஞாயிறு காலை சாமான் வந்துவிடும் என்பது பேச்சு. ஞாயிறு காலை நாங்கள் பால் காய்ச்சினோம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அடுப்பில், அவர் கொடுத்த பாத்திரத்தில், வெறும் தரையில். போன் போட்டால் "வண்டி ஒசூர் தாண்டிடுச்சு மேடம்." திங்கள்கிழமை "சேலத்துல டயர் பஞ்சர்." செவ்வாய்க்கிழமை ஸ்விட்ச் ஆஃப். பாய்கூட இல்லாமல் என் அப்பா மூன்று ராத்திரி துண்டை விரித்துப் படுத்தார். அவருக்கு முதுகுவலி வேறு.

புதன் சாயங்காலம் லாரி வந்து வாசலில் நின்றது. ஆனால் தார்ப்பாய் அவிழவில்லை. டிரைவர் தன் போனை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் அதே 'டென்ஷன் ஆகாதீங்க' குரல், இப்போது அதில் மேடம் இல்லை. பாக்கி 7,500. அதோடு கன அடி கூடிப்போனதற்கு 4,500, மாடி ஏற்ற 1,500, செக்போஸ்ட் செலவு 2,300, ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற சீட்டு) 1,000. ஆக மொத்தம் 16,800 உடனே போட்டால்தான் சாமான் இறங்கும், இல்லாவிட்டால் வண்டி திரும்பும், குடோன் வாடகை நாள் கணக்கில் ஏறும்.

நாங்கள் குடிவந்தது தரைத்தளம். மாடி ஏற்ற 1,500!

செக்போஸ்ட், ஈ-வே பில் இரண்டையும் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன், உங்களுக்குப் பயன்படும். வணிகவரிச் சோதனைச்சாவடிகள் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு எடுக்கப்பட்டுவிட்டன. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை, ஜிஎஸ்டி விதிகளிலேயே விலக்கு உண்டு. அதாவது இல்லாத சாவடிக்கும் தேவையில்லாத பில்லுக்கும் சேர்த்து 3,300. அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. கத்தினேன், அவ்வளவுதான். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அப்பா ஒன்றும் பேசாமல் போய் டிரைவருக்கு ஒரு டீ வாங்கிவந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. நம் சாமானைப் பிடித்துவைத்திருக்கிறவனுக்கு டீயா?

"தம்பி எந்த ஊருங்க?"

"நாமக்கல் பக்கமுங்க ஐயா."

"உங்களுக்கு வாடகை எவ்வளவு பேசினாங்க?"

டிரைவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம்பதாயிரமுங்க. ஒத்த ரூவா இன்னும் கைக்கு வர்லீங்க. நீங்க குடுக்கறதுலதான் எனக்கு வாடகைன்னாங்க. நான் அந்தக் கம்பெனி ஆளே இல்லீங்க ஐயா. திங்கக்கெழம ராத்திரி பொம்மசந்திரா குடோன்ல லோடு இருக்குன்னு புரோக்கர் கூப்புட்டாரு, வந்து ஏத்துனேன்."

அங்கேதான் எல்லாம் விளங்கியது. ஒசூரும் தாண்டவில்லை, டயரும் பஞ்சராகவில்லை. எங்கள் சாமான் திங்கள் ராத்திரிவரை பெங்களூரிலேயே ஒரு குடோனில் கிடந்திருக்கிறது. 17,500-க்குத் தனி லாரி பிடிக்க முடியாது, அதனால் இன்னும் இரண்டு வீட்டுச் சாமான் சேரும்வரை காத்திருந்து பார்ட் லோடாக ஏற்றியிருக்கிறார்கள். ஒருமுறை இறக்கி, மறுபடி ஏற்றி. ரேட் பேசியவர் வேறு, கட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள், வண்டி புரோக்கர் பிடித்தது. சாமான் உடைந்தால் கேட்க ஒரு முகம் கிடையாது. பீங்கான் நாலு உடைவது யார் கட்டினாலும் நடக்கும், அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன். என்னை நோகடித்தது இந்த முகமில்லாத ஏற்பாடுதான். சாமான் லாரியில் ஏறிய நிமிடத்திலிருந்து நாம் வாடிக்கையாளர் இல்லை, அடகு வைத்தவர்.

அப்பா விஷயத்தை அங்கேயே முடித்தார். பாக்கி 7,500, அதற்கு மேல் 1,500, ஆக 9,000 நேராக டிரைவர் கையில். 'இன்னாருக்கு இத்தனை பெட்டி இறக்கினேன், வாடகை பெற்றுக்கொண்டேன்' என்று என் பையனின் நோட்டில் ஒரு பக்கம் கிழித்து வண்டி நம்பரோடு எழுதி வாங்கினார். கம்பெனியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் எடுக்கவில்லை. இறக்குவதற்கு ஆள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. பக்கத்து ஸ்டாண்டிலிருந்து லோடுமேன் மூன்று பேரைக் கூப்பிட்டு 2,400 கொடுத்தோம்.

பிரித்துப் பார்த்தால், வாஷிங் மெஷின் முதல் ஓட்டத்திலேயே சமையலறைவரை நடந்து வந்தது. உள்ளே டிரம்மைத் தாங்குகிற பாகங்கள் போய்விட்டன, 3,800. கிரைண்டரில் கல்லைத் தனியாக எடுத்துக் கட்டாமல் அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறார்கள், வழியெல்லாம் கல் உருண்டு டிரம் நசுங்கியிருந்தது. கோயம்புத்தூரில் செய்த கிரைண்டர், பிறந்த ஊருக்கு வரும் வழியில் அடிபட்டது. நல்லவேளை, இந்த ஊரில் கிரைண்டர் ரிப்பேருக்குத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், 400-இல் முடிந்தது. எல்லாம் கூட்டினால் 28,600. ஒழுங்காக 26,500 கேட்ட மனிதரிடமே கொடுத்திருக்கலாம்.

பெட்டிகளை எண்ணினால் 30. 23-ஆம் நம்பரைக் காணோம்.

புகார் கொடுக்காமல் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-இல் வந்த சட்டப்படி, தொலைந்ததற்கோ சேதத்துக்கோ வழக்குப் போடுமுன், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'அப்படி யாரும் இல்லை' என்று உறை திரும்பி வந்தது. பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: கர்நாடகம் 29, தமிழ்நாடு 33. இவர்களுடையது 07, டெல்லி. ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ பெயர் வந்தது. பணம் கொடுக்குமுன் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. எதிராளிக்கு உண்மையான முகவரி இருந்தால் தயங்காமல் போடுங்கள். எனக்கு நோட்டீஸ் அனுப்பவே ஆள் இல்லை, விட்டுவிட்டேன்.

போன வருடம் என் தங்கை கோவையிலிருந்து திருச்சிக்குப் போனாள். இந்தமுறை மூவர்ஸ் பக்கமே போகவில்லை. தெரிந்த லாரி புக்கிங் ஆபீஸில் ஒரு முழு வண்டி பேசினோம், நடுவில் வேறு வண்டிக்கு மாற்றுவதில்லை என்று எல்ஆரில், அதாவது லாரி ரசீதில், எழுதி வாங்கினோம். பெட்டிகளை மளிகைக்கடையில் வாங்கி நாங்களே ஒரு வாரம் உட்கார்ந்து கட்டினோம். டிவி, கண்ணாடி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் கட்டுமுன் வீடியோ எடுத்தோம். நகை, சர்டிபிகேட் எங்களோடு காரில். ஏற்றவும் இறக்கவும் அந்தந்த ஊர் லோடுமேன்கள். இடுப்பு ஒடிந்தது உண்மை. எல்லாருக்கும் இது ஒத்துவராது, கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர்களுக்கு மூவர்ஸ் தேவைதான். அப்படியானால் ஆபீஸை நேரில் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்துவிட்டு ரேட் சொல்கிறவரிடம் மட்டும் பேசுங்கள். இன்சூரன்ஸ் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசி நம்பர் கையில் வரவேண்டும். உள்ளூருக்குள்ளேயே மாறுவதென்றால் இத்தனை பாடு வேண்டாம், குட்டியானை இரண்டு நடை அடித்தால் முடிந்தது.

23-இல் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. குக்கர் வெயிட் இல்லை, இட்லித் துணி இல்லை, பையனின் முதல் பிறந்தநாள் ஆல்பமும் இல்லை. இப்போதெல்லாம் வீட்டில் எது காணாமல் போனாலும், நேற்று வாங்கிய பேனாவாக இருந்தாலும், என் பையன் தேடக்கூட மாட்டான். "அம்மா, அது இருபத்திமூணுல போயிருக்கும்."