எம்டிஎச்எஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால் குடல் புற்றுநோய் வருமா?

உங்கள் தந்தைக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, உங்களுக்கு இப்போது 37, மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'எம்டிஎச்எஃப்ஆர் 677 டிடி' என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது, ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவையும் இதே நோய்தான் கொண்டுபோனது. கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பயப்படாதீர்கள். பெருங்குடலைப் பொறுத்தவரை ஆய்வுகள் காட்டியது ஏறக்குறைய நேர்மாறான செய்தி.

கீரையிலும் பயறிலும் இருந்து கிடைக்கும் ஃபோலேட் என்ற வைட்டமினுக்கு (ஃபோலிக் அமிலம் இதன் மாத்திரை வடிவம்) உடலில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டிஎன்ஏவுக்குத் தேவையான தைமினைத் தயாரிக்கும் வழி. மற்றொன்று, ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை மெத்தியோனின் என்ற இன்னொன்றாக மாற்றும் வழி. அதன் வாசலில் நிற்கும் நொதிதான் எம்டிஎச்எஃப்ஆர். உங்களைப் போல, அதை உருவாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் 'டி' என்ற மாற்றம் உள்ளவர்களிடம் அந்த நொதியின் வேகம் சுமார் 30 சதவீதம்தான். மான்ட்ரியலில் ரீமா ரோசனின் குழு 1995இல் இதைக் கண்டறிந்தது. இரண்டாவது வழியில் நடை குறைந்தால், தைமினுக்கு ஃபோலேட் அதிகம் மிஞ்சும். தைமின் பற்றாக்குறையானால் அந்த இடத்தில், டிஎன்ஏவில் இருக்கக் கூடாத யுராசில் புகுந்துவிடும். அதை வெட்டி எடுக்கும்போது டிஎன்ஏ இழையே அறுந்துபோகலாம். சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் குடல் உட்சுவருக்கு இது பெரிய விஷயம். அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வில், 'டிடி' உள்ளவர்களுக்கு அபாயம் சுமார் பாதியாக இருந்தது. ஆனால் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களிடம் அந்தப் பாதுகாப்பைக் காணவில்லை. மதுவும் அதைக் குலைக்கிறது. குடிப்பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

அப்படியானால் மாத்திரை? வேண்டாம் என்பதே என் கருத்து. குடலில் அடினோமா (பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டி) அகற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, தினமும் 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007இல் வந்தது. புதிய கட்டிகள் குறையவில்லை. பிற்காலத்தில் ஃபோலிக் அமிலக் குழுவில் மூன்று, அதற்கு மேல் கட்டிகள் வந்தவர்களே அதிகம். வளரும் கட்டிக்கும் தைமின் தேவைதானே. அப்பாவின் இடுப்பில் கட்டியிருந்த சிறிய பம்பு, 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றும். அந்த மருந்து அடைப்பது இதே தைமின் வழியைத்தான். இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். (கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம்; அவர்கள் நிறுத்தக் கூடாது.) நீங்கள் கீரை, உளுந்து, பச்சைப்பயறு சாப்பிடுங்கள். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஃபோலேட் அதில் இறங்கிவிடும். பால், தயிர், முட்டையில் உள்ள ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) எம்டிஎச்எஃப்ஆர் நொதிக்குத் துணை நிற்பது.

உங்கள் கேள்வியில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது மரபணு எழுத்து அல்ல, 46 என்ற எண். பெற்றோருக்கு வந்திருந்தால் 40 வயதிலோ, அவர்களுக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தொடங்க வேண்டும். உங்களுக்கு அது 36. ஓராண்டு தாண்டிவிட்டது. தந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில், கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். லிஞ்ச் நோய்க்குறியா, அதாவது பரம்பரையாக வந்து குடல் புற்றுநோயை உண்டாக்கும் மரபணுக் கோளாறா என்பதை அதில் சோதிக்கலாம். குடும்பத்தில் இறங்கும் பெரிய அபாயம் அதுதான்.

அப்பா இறந்த பிறகு குளியலறை மாடத்தைச் சுத்தம் செய்தபோது, செய்தித்தாளில் சுற்றிய நான்கு காலிக் களிம்புக் குழாய்கள் கிடைத்தன. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் தடவியிருக்கிறார். உங்களுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.