ஏழு பிள்ளைகள் ஐந்தானது எப்படி?

வாசகர் கேள்வி - பதில்: வாய்வழிக் கதையும் வரலாறும்

கேள்வி: எங்கள் குடும்பம் இங்கே வந்து குடியேறிய கதையைப் பெரியப்பா ஒரு மாதிரி சொல்கிறார், அத்தை வேறு மாதிரி சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: முதலில் இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைச் செய்துவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

கானாவின் வடக்கே கொஞ்சா என்றொரு அரசு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் விசாரித்தபோது, அரசை நிறுவிய ஜக்பாவுக்கு ஏழு பிள்ளைகள் என்றும், ஆளுக்கொரு பகுதியை அவர் பிரித்துக் கொடுத்தார் என்றும் அந்த நாட்டு மக்கள் சொன்னார்கள். அப்போது அரசில் ஏழு பகுதிகள் இருந்தன. சுமார் அறுபது ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது பிள்ளைகள் ஐந்து பேர்தான். இடைப்பட்ட காலத்தில் இரண்டு பகுதிகள் இல்லாமல் போயிருந்தன. ஜாக் குடி, இயன் வாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1963இல் எழுதிய கட்டுரையால் இது பிரபலமானது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் பிறப்புப் பதிவேடு அல்ல. இன்றைக்கு எந்த உரிமை யாருக்கு என்பதன் வரைபடம். உரிமை மாறினால் பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாறும்.

ஆகவே பெரியப்பாவும் அத்தையும் எங்கே முரண்படுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு பங்கு, ஒரு மூப்பு, ஒரு பழைய மனத்தாங்கலை ஒட்டியே இருக்கும். சொல்பவருக்கே பெருமை சேர்க்காத விவரம் ஏதாவது வந்தால் அதற்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். தன்னைக் குறைத்துக் காட்டும் ஒன்றை வலிந்து கற்பனை செய்பவர்கள் குறைவு.

கேள்வி: ஒரு கதை வாய் மாறி வாய் போகும்போது எது முதலில் உதிரும்?

பதில்: பெயரும் எண்ணும். கூடவே, கேட்பவருக்குப் பழக்கமில்லாத எதுவும். உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் கேம்பிரிட்ஜில் இதைச் சோதித்து 1932இல் நூலாக்கினார். வட அமெரிக்கப் பூர்வகுடிக் கதை ஒன்றைப் படிக்கவைத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். மரத்தோணி வெறும் படகானது, சீல் வேட்டை மீன்பிடிப்பானது, ஆவிகள் மங்கின. அதே சமயம் மூலத்தில் இல்லாத ‘ஆகையால்’கள் முளைத்தன. சாகிறவனின் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவந்த காட்சி மட்டும் பலருடைய எழுத்திலும் பிழைத்துக் கிடந்தது.

கதை எப்போதும் சுருங்கியே தீரும் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். பார்ட்லெட்டிடம் எழுதியவர்கள் கதைசொல்லிகள் அல்லர். 1935இல் வாய்மொழிப் பாடல்களை ஆராய்ந்த மில்மன் பாரி, யூகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகரின் முன்னிலையில், அவருக்குத் தெரியாத ஒரு பாடலை வேறொருவரைப் பாடவைத்தார். 2,294 அடிகள். உடனே அவ்தோ அதைத் திருப்பிப் பாடினார்: 6,313 அடிகள்! இந்த மரபுப் பாடகர்கள் ‘சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுகிறேன்’ என்று சத்தியம் செய்வார்கள். ஒலிப்பதிவோ வேறு சொல்லும். நிகழ்ச்சிகளின் வரிசை பிசகாவிட்டால் அவர்களுக்கு அது ‘அப்படியே’தான்.

கேள்வி: பாட்டியின் கதைகளைப் பதிவுசெய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: பதிவை யாரெல்லாம் கேட்கலாம் என்பதை அவரிடமே கேட்டுத் தொடங்குங்கள். முதல் நாளே இதைப் பேசாததால் பிற்பாடு வீட்டுக்குள் சண்டை வந்த குடும்பங்கள் உண்டு.

கைபேசியே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாகப் பதியும். அடியில் மடித்த துணி போடுங்கள். செயலியில் வேவ் (ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் கோப்பு) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்.பி. ஆகும், இடம் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், அறையில் இருப்பவர்களின் பெயர்கள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லிப் பதியவேண்டும். மருமகன் அறையில் இருந்தால் கதை ஒரு விதம், இல்லாவிட்டால் வேறு விதம். அதனால்தான் பெயர்ப் பட்டியல்.

பெரும்பாலான பதிவுகளைக் கெடுப்பது கருவி அல்ல, கேட்பவரின் வாய். ‘அப்போ ரொம்பக் கஷ்டம்தானே பாட்டி?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதிலைத் தவிர ஒன்றும் கிடைக்காது. ‘அப்புறம்?’ போதும். அவர் நிறுத்தினால் பத்து விநாடி சும்மா இருங்கள். நல்ல செய்தி பல நேரம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். பழைய புகைப்படங்களை முதல் அமர்வில் காட்டாதீர்கள், அவர் தன் நினைவை விட்டுவிட்டுப் படத்தை விவரிக்க ஆரம்பித்துவிடுவார். ‘எந்த வருஷம்?’ என்றும் கேட்காதீர்கள். ‘அப்போது சித்தி பிறந்தாயிற்றா?’ என்று கேளுங்கள்; ஆண்டை நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாரும் மறக்கும் ஒரு கேள்வி: ‘இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?’ கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் அதில்தான் பிரியும்.

ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவேண்டாம். சில வாரங்கள் விட்டு அதே கதையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள், வேறு ஆட்கள் சூழ. எழுத்தில் இறக்க, ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சு வழக்கைத் திருத்தவே கூடாது. மூன்று பிரதி, அவை இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில்.

கேள்வி: தேதியையே தப்பாகச் சொல்கிற சாட்சியத்தால் என்ன பயன்?

பதில்: நிறையப் பயன். இத்தாலியின் டெர்னி நகரில் 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ராணுவக் கூட்டணிக்கு எதிரான ஊர்வலத்தில் லூயிஜி திராஸ்டுல்லி என்ற இளம் எஃகு ஆலைத் தொழிலாளி காவல்துறையால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி விசாரித்தபோது, அவர் 1953இல், ஆட்குறைப்பை எதிர்த்த தெருச் சண்டையில் இறந்ததாகப் பலர் சொன்னார்கள். தோழர் ஒருவர் செத்தும் பதிலடி கொடுக்கவில்லை என்ற உறுத்தல் அவர்களுக்கு. அந்தச் சாவைத் தாங்கள் உண்மையில் போராடிய நாளுக்கு நகர்த்திவிட்டார்கள். தேதி வேண்டுமானால் செய்தித்தாளைப் பாருங்கள். உறுத்தல் எந்தச் செய்தித்தாளிலும் இராது.

கேள்வி: அச்சில் வந்த கதைதானே அசல்?

பதில்: இல்லை. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். உலகெங்கும் பரவியது திருத்திய வடிவம்தான்.

கேள்வி: ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான சம்பவத்தைக் கதை காப்பாற்றுமா?

பதில்: சில நிபந்தனைகளோடு. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907இல் ஆழிப்பேரலை வந்தது. ‘ஸ்மோங்’ என்ற பெயரில் அதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்திருந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று, சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, அதற்கு ஒரு சொல், சொல்லிக்கொடுக்கப் பாட்டிமார். கதை நிலைத்ததற்குக் காரணம் இவைதாம்.

அது நூறாண்டுக் கதை. அமெரிக்காவின் ஒரேகானில், கிளாமத் மக்கள் மேலுலகத் தலைவனும் கீழுலகத் தலைவனும் மோதி மலை இடிந்து விழுந்ததாகச் சொல்கிறார்கள். அந்த மலைதான் மசாமா எரிமலை. அது வெடித்துச் சரிந்து கிரேட்டர் ஏரி உண்டானது சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன். ஏரி கண்ணெதிரே கிடப்பதால் கதைக்கு அன்றாடம் ஒரு நினைவூட்டல் உண்டு. அதற்காக, வெள்ளக் கதை இருந்தாலே வெள்ளம் வந்திருக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். கதைக்கு வெளியே தனித் தடயம் வேண்டும். இங்கே அது உண்டு: அதே ஒரேகானின் ஃபோர்ட் ராக் குகையில், மசாமாவின் சாம்பல் படிவுக்குக் கீழே மனிதர்கள் நாரால் பின்னிய செருப்புகள் கிடைத்திருக்கின்றன. வெடிப்புக்கு முன்பே அங்கே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.