சாப்மன் கெட்டவனா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்துகளைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பள்ளி நாட்களில் நீங்களும் அனிமார்ஃப்ஸ் என்ற ஆங்கிலச் சிறுவர் நாவல் தொடரைப் படித்தவர் என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

பழைய புத்தகக் கடைகளில் அலைந்து 54 புத்தகங்களில் 53-ஐச் சேர்த்துவிட்டேன். 22 மட்டும் கிடைக்கவில்லை. மூன்று மாதமாக, வீடு தூங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். ஏழாம் வகுப்பில் படித்தபோது அது, பிள்ளைகள் புலியாகவும் கரடியாகவும் மாறி வேற்றுக்கிரகத்துக்காரர்களைப் பந்தாடுகிற கதை. இப்போது படித்தால் நெஞ்சை அடைக்கிறது. நடை சாதாரணம்தான். நடுவில் சில புத்தகங்கள் மகா மோசம். அப்படியிருந்தும் கீழே வைக்க முடியவில்லை. அப்போது நான் படித்தது எதை?

என் பத்து வயது மகள் இரண்டாம் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, "அப்பா, இந்த சாப்மன் கெட்டவனா, நல்லவனா?" என்று கேட்டாள். "மேலே படி, தெரியும்" என்று நழுவிவிட்டேன். இவ்வளவு ரத்தம் உள்ள கதையை அவள் தொடர்ந்து படிக்கலாமா? அந்த யீர்க் ஒட்டுண்ணிகள் எனக்கு இன்றைய செல்போனைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. உங்களுக்கு எப்படி?

எஸ்., முகப்பேர்

அன்புள்ள எஸ்.,

மற்ற வாசகர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கே.ஏ. ஆப்பிள்கேட் எழுதி அமெரிக்காவின் ஸ்காலஸ்டிக் 1996 முதல் 2001 வரை வெளியிட்ட தொடர் இது. நத்தை மாதிரி வழவழவென்று இருக்கும் யீர்க்குகள் என்ற வேற்றுக்கிரக ஒட்டுண்ணிகள் காது வழியாக நுழைந்து, மூளையைச் சுற்றிப் படர்ந்து, ஆளை அப்படியே கைப்பற்றிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவற்றோடு போரிடும் ஆண்டலைட் என்ற இன்னொரு வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த, சாகக் கிடக்கும் எல்ஃபாங்கோர் என்ற வீரன் ஜேக், ரேச்சல், டோபயஸ், கேசி, மார்கோ என்ற ஐந்து பேருக்கு ஒரு சக்தியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். தொட்ட மிருகமாக அவர்கள் மாறலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். தவறினால் ஆயுசுக்கும் அந்த உடம்புதான். பிற்பாடு எல்ஃபாங்கோரின் தம்பி ஆக்ஸும் வந்து சேர்ந்துகொள்கிறான்.

என்னிடம் 54 எல்லாம் இருந்ததில்லை. எங்கள் தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் 3, 7, 13, 14, 22 இருந்தன, அப்புறம் முன்னட்டை கிழிந்த ஒன்று. நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கில் புத்தம் புதிதாக வரிசை கட்டி நிற்கும். விலையைப் பார்ப்பேன், அங்கேயே நின்றபடி இரண்டு அத்தியாயம் படிப்பேன், வைத்துவிட்டு வருவேன். லஸ் கார்னர் பிளாட்பாரத்தில் எப்போதாவது ஒன்று மாட்டும். ஆக இந்தப் போர் எனக்கு முன்பின்னாகவே நடந்தது. 22-ல் வந்தவன் யார் என்பது 20 கிடைத்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு புத்தகமும் முதல் சில பக்கங்களில் யார் எவர் என்பதை மறுபடி சொல்லிவிடும் என்பதால் சமாளித்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் வாயாலேயே கதை சொல்வார்கள். ஊர்ப்பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த ரகசியத்துக்காகவே போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, இருந்தாலும்.

தொட்டால் மிருகம் மயங்கி நிற்கும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் வீட்டுப் பூனை மயங்கவே இல்லை, கையைப் பிறாண்டியது. சுவரில் இருந்த பல்லியை ஒரு நொடி தொட்டுவிட்டு மொட்டைமாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். வண்டலூருக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது புலிக்கும் எனக்கும் நடுவில் இருந்த அகழியைப் பார்த்து வந்த ஆத்திரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஏழாம் வகுப்பில் நாம் படித்தது மிருகங்களை. மனிதர்களைத் தாண்டித் தாண்டிப் படித்தோம். அதில் தப்பில்லை, அட்டைப்படமே அப்படித்தான் கூப்பிட்டது.

கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் வரும்போது பாட்டி மாடவீதி ஓரத்தில் இடம் பிடித்துவிடுவார். ஒவ்வொரு பல்லக்காகக் காட்டிக் கதை சொல்வார். திருமூலர் கதை தெரியுமில்லையா? வடக்கிலிருந்து வந்த சிவயோகி, காவிரிக்கரையில் சாத்தனூர் பக்கம் மாடு மேய்க்கும் மூலன் செத்துக் கிடப்பதையும் பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் பார்க்கிறார். பசுக்களின் துயரம் தாங்காமல் தன் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுகிறார். மாடுகள் வீடு சேர்கின்றன. திரும்பி வந்து தேடினால் தன் பழைய உடம்பைக் காணோம். கடைசி வரை மூலன்தான்.

பாட்டிக்கு அது பசுக்களின் கதை. எனக்கு டோபயஸின் கதை. முதல் புத்தகத்திலேயே இரண்டு மணி நேரத்தைத் தவறவிட்டுச் செவ்வால் பருந்தாக நின்றுபோன பையன் அவன். மூன்றாம் புத்தகத்தில் பசி தாங்காமல் எலியை அடித்துத் தின்றுவிட்டுத் துடிப்பான். எங்கள் சைவ வீட்டில் அதைப் படித்த இரவு என்னால் சாப்பிட முடியவில்லை. 13-ல் மாறும் சக்தி அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். பழைய மனித உடம்புக்கு மாறி, இரண்டு மணி நேரம் தாண்டும்வரை சும்மா இருந்தால் போதும், மனிதனாகவே இருந்துவிடலாம். இருக்க மாட்டான். பாட்டியிடம் பெருமையாக இதைச் சொன்னேன். "நம்ம கதையைத்தான் வெள்ளைக்காரன் எழுதியிருக்கான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். (எழுதியது பெண் என்று திருத்தினேன். காதில் வாங்கவில்லை.)

இந்த வயதில் மறுபடி படிக்கும்போது எனக்கு நினைவு வந்தது திருமூலர் இல்லை, மூலனின் மனைவி. சாயங்காலம் மாடு வந்துவிட்டது, புருஷன் வரவில்லை என்று தேடிக்கொண்டு போகிறாள். அதே முகம், அதே உடம்பு. "உனக்கும் எனக்கும் உறவில்லை" என்கிறது அந்த வாய். ஊரைக் கூட்டி முறையிடுகிறாள். ஊர்க்காரர்களுக்கு அவர் நிலை புரிந்துவிடுகிறது, அவளைத் தேற்றி அனுப்பிவிடுகிறார்கள். பாட்டி அந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுவார். நானும் அவளை அப்போது ஏறிட்டுப் பார்த்ததில்லை.

யீர்க் கதை முழுக்க அவளுடைய கதைதான். ஜேக்கின் அண்ணன் டாம் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பான், அது டாம் இல்லை. செத்துவிட்டதாக மார்கோ நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் உடம்பில் இருப்பது யீர்க்குகளின் பெரிய தளபதி. மூலன் கதையை விட இது கொடூரம். மூலன் செத்துப்போனவன். யீர்க் ஏறிய ஆள் உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறான், எல்லாம் பார்க்கிறான், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. மூன்று நாளைக்கு ஒரு தடவை யீர்க் தன் குளத்துக்கு இறங்கி உணவு கொள்ள வேண்டும். அந்த நேரம் மட்டும் அவனுக்குக் குரல் திரும்பும். கூண்டுக்குள் நின்று அலறுவான். முதல் புத்தகத்தில் அந்தக் கூண்டுகளுக்குச் சற்றுத் தள்ளி, தாங்களாகவே சம்மதித்து யீர்க்கை ஏற்றுக்கொண்டவர்கள் சாவகாசமாக டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று கூண்டைப் பார்த்துப் பயந்தேன். இன்று அந்த டிவியைப் பார்த்து.

அதனால்தான் செல்போன் உவமையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போனை நாமே எடுக்கிறோம், நாமே திட்டுகிறோம், மறுபடி எடுக்கிறோம். உள்ளே அடைபட்டு அலறுகிற இன்னொருவர் அங்கே இல்லை. இந்த உவமையைச் சொன்னால் கதையின் விஷப்பல் பிடுங்கப்பட்டுவிடுகிறது. அதோடு, யீர்க்குகளும் வெறும் பூச்சிகள் இல்லை. 19-ஆம் புத்தகத்தை மறுபடி பாருங்கள். தன் சொந்த உடம்பில் யீர்க்குக்குக் கண் கிடையாது. பிறர் கண்ணால் ஒரு தடவை நிறங்களைப் பார்த்த பிறகு எப்படி இருட்டுக்குத் திரும்புவது என்று ஆஃப்ட்ரான் என்ற யீர்க் கேசியிடம் கேட்கும். அதற்கு என்னிடம் இன்றும் பதிலில்லை.

இப்போது சாப்மன். உங்கள் மகள் சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறாள். பள்ளியின் துணை முதல்வர், யீர்க்குகளின் ஆள். அவர் மகள் மெலிசா ரேச்சலின் தோழி. ரேச்சல் அந்த வீட்டுப் பூனையாக மாறி உள்ளே போகிறாள். அப்பா அம்மாவுக்குத் தன்னை ஏன் பிடிக்காமல் போயிற்று, தான் என்ன தப்பு செய்தோம் என்று மெலிசா பூனையிடம் அழுகிறாள். பிறகுதான் தெரிகிறது, மகளை விட்டுவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் சாப்மன் தன்னையே யீர்க்குக்குக் கொடுத்திருக்கிறார். எந்த மகளுக்காகக் கொடுத்தாரோ அவளுக்கு அவரால் ஒரு தடவை சிரித்துக்காட்ட முடியாது.

பதின்மூன்று வயதில் எனக்கு இந்தப் புத்தகம் போரடித்தது. பூனையாக மாறுவது ஒரு மாற்றமா, புலி எங்கே என்று பக்கத்தைத் தள்ளினேன். போன மாதம் அதே இடத்தில் மூடி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் என் மகன் தூங்குகிறானா என்று போய்ப் பார்த்தேன்.

மாறியிருப்பது புத்தகம் இல்லை, நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. அன்று நாம் ஜன்னல் வழியாகப் பறந்துபோகிற பிள்ளைகள். இன்று கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற, எதுவுமே தெரியாத பெற்றோர். இந்தத் தொடரில் எனக்கு மிக வலித்த விஷயம் மிகச் சாதாரணமான ஒரு விதி. கை போனாலும் வயிறு கிழிந்தாலும் மனித உடம்புக்குத் திரும்பும்போது எல்லாம் சரியாகிவிடும். சின்ன வயதில் அது வசதி, அடுத்த சண்டைக்கு ரெடி. இப்போது யோசித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் கொன்றுவிட்டு, சாகக் கிடந்துவிட்டு வருகிற பிள்ளையின் உடம்பில் அம்மா கண்டுபிடிக்க ஒரு கீறல்கூட இருக்காது. காலையில் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்பாள்.

ரத்தத்தைப் பற்றி. எறும்பாக மாறி வேறொரு புற்றின் எறும்புகளிடம் மாட்டிக்கொள்ளும் 5-ஆம் புத்தகம் எனக்கு வாரக்கணக்கில் கனவில் வந்தது. ஆனால் பிள்ளைகள் ரத்தத்தை நம்மை விட எளிதாகக் கடந்துவிடுவார்கள். கடக்க முடியாதது வேறு. கடைசிப் புத்தகங்களில் ஜேக் கட்டளையிட, கப்பலின் குளத்தில் தற்காத்துக்கொள்ள வழியில்லாமல் இருந்த 17,000-க்கும் மேற்பட்ட யீர்க்குகள் விண்வெளியில் கொட்டப்படுகின்றன. தன் அண்ணனைக் கொல்ல ரேச்சலை அனுப்புவதும் அவன்தான். அவள் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தே அனுப்புகிறான். போர் முடிந்த பிறகும் அவன் தேறுவதில்லை. முடிவைப் பற்றி அந்தக் காலத்தில் வாசகர்கள் பலர் கோபப்பட்டார்கள், ஆப்பிள்கேட் பின்வாங்காமல் பதில் எழுதினார். எனக்கு 54 கிடைத்தது பல வருடம் கழித்து. அதுவரை ரேச்சல் எங்கோ கரடியாகச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நடுவில் மோசம் என்றீர்கள். 25-க்குப் பிறகு பெரும்பாலானவற்றை, ஆப்பிள்கேட் கொடுத்த கதைச்சுருக்கத்தை வைத்து வேறு ஆட்கள் எழுதினார்கள். மாதம் ஒரு புத்தகம் என்றால் அப்படித்தான் ஆகும். கடலுக்கடியில் ஒரு ஜனங்கள் வாழும் 36-ஐ இரண்டாம் தடவை நான் முடிக்கவில்லை, நீங்கள் முடித்திருந்தால் உங்களுக்கு ஒரு கும்பிடு. முக்கியமான இடங்களில் ஆப்பிள்கேட்டும் அவர் கணவர் மைக்கேல் கிராண்டும் திரும்ப வந்துவிடுகிறார்கள், கடைசி இரண்டும் அவர்களுடையவை.

மகள் படிக்கட்டும். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சாப்மன் பற்றி நீங்கள் தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டாம், "உனக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

22 என்னிடம் இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன். டேவிட் என்ற பையனை எலியாக மாறவைத்து, அவன் அப்படியே நின்றுபோகும்வரை ரேச்சல் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே காத்திருந்து அவன் கதறலைக் கேட்கும் புத்தகம் அது. அவனுக்கு நன்றாக வேண்டும் என்று அன்று நினைத்தேன். இதை மட்டும் முதலில் நீங்கள் படித்துவிட்டு அவளிடம் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். பின்னட்டையின் உள்பக்கம் லெண்டிங் லைப்ரரியின் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். கடைசி வரியில் இருப்பது என் உறுப்பினர் எண். நான் திருப்பிக் கொடுப்பதற்குள் கடையை மூடிவிட்டார்கள். அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள்.