அணைத்து வைத்த சிம்

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள் நான், வயது 29. கம்பெனிகளுக்கும் பழங்குடி மக்களுக்கும் நடுவே பேச்சு நடத்தித் தரும் ஆலோசகராக ஐந்து வருடம் ஓடிவிட்டது. மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் இருளர் குடியிருப்புகளில்தான் பெரும்பாலும் வேலை. திட்டம் முடிந்தும் போன் வந்துகொண்டே இருக்கும். ஒரு அம்மா மகனின் சாதிச் சான்றிதழுக்காக விடாமல் கூப்பிட்டார். அதனால் வேலைக்குத் தனி சிம் வைத்து, முடிந்ததும் அணைத்துவிடுகிறேன். இப்போது நியூஸிலாந்து போய் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ பற்றி மேற்படிப்பு படிக்க ஆசை. அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: படிப்பா வங்கியா என்பது இருக்கட்டும். அந்த சிம் இப்போது எங்கே?

நீங்கள் படிக்கப்போவதை நானே சொல்கிறேன், கட்டணம் மிச்சம். அந்தக் கருத்தை வளர்த்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி நர்ஸ். 1992-ல் அங்குள்ள நர்ஸிங் கவுன்சில் அதைப் பயிற்சியில் கட்டாயமாக்கியது. அதன் சாரம் இதுதான்: கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று நர்ஸ் சொல்லிக்கொள்ள முடியாது, கவனிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும். சரி, உங்கள் வேலை எப்படி இருந்தது என்று அந்த அம்மா யாரிடம் சொல்வார்? நம்பர்தான் ஸ்விட்ச் ஆஃப் ஆச்சே.

2013-ல் ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்று அங்குள்ள பழங்குடி மக்களிடம் கேட்டபோது 12 கிராமசபைகளும் வேண்டாம் என்றன. அதைக் கேட்டுக்கொள்ள எதிரே நீதிபதி உட்கார்ந்திருந்தார். உங்கள் கூட்டத்தில் கைநாட்டு வைத்தவர் மறுவாரம் மனம் மாறினால் யாரைக் கூப்பிடுவார்?

சான்றிதழ் என் வேலை இல்லையே என்பீர்கள். கழிமுகத் தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்ணாகத்தான் அவர் இருப்பார். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நாள் நடந்தால் அன்றைய இறால் போச்சு. போனால், பையனுடைய அப்பாவின் சான்றிதழ் எங்கே என்பார்கள். அப்பாவுக்கு இருந்திருந்தால் இவர் ஏன், தாயே, உங்களைக் கூப்பிடப்போகிறார்?

நம் பக்கம் ஒரு வீட்டுப் பாயில் உட்கார்ந்து டீ குடித்தால் அந்த வீட்டுக் காதுகுத்துக்கும் போக வேண்டும், சாவுக்கும் போக வேண்டும். இந்தக் காலத்திலுமா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. அவர் உங்களை மேடம் என்றா கூப்பிட்டார், பாப்பா என்றா? பாப்பா என்றால் கடன் இன்னும் பெரிது.

சிம்மைப் போடுங்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும், அதற்குள் நீங்களே கூப்பிடுங்கள். சான்றிதழ் வரவில்லை என்றால் ஒரு நாள் லீவு போட்டு, அவரோடு போய் வரிசையில் நில்லுங்கள். பேசுவது அவராகவே இருக்கட்டும். “நீ வராமலே வாங்கிட்டேன்” என்றால் அந்தக் குத்தலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று அப்புறம் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.